வெட்டிப்போட்ட துண்டு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் கிருபாசங்கர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, சித்திரை மாசக் கல்யாணத்துல கடைசிப் பந்தியை எடுத்தீங்களே, அதைக் காட்டுங்க."

"அதை வெட்டிப்போட்டேனுங்ணா. பொண்ணு மாப்பிள்ளை சாப்பிடறப்ப குறுக்க ஆள் வந்துருச்சு. அங்க டிசால்வ் போட்டு அடுத்த ஷாட்டோட கரைச்சு உட்டேன். வெட்டினதே தெரியாது."

"வெட்டின துண்டு இருக்குதுங்களா?"

"எல்லாரும் நல்ல ஷாட்டைக் கேப்பாங்க. பொண்ணோட சித்தப்பா வேஸ்டைக் கேக்கறீங்க!"

சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை ஓட்டினார்.

"அங்கயே நிறுத்துங்க!"

"இதுல பொண்ணு மூஞ்சியே தெரியலீங்களே?"

"நான் சித்தப்பா இல்லீங்க, பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. எச்சிலை வாளியோட குறுக்க போறது என்ற ஊட்டுக்காரிங்க. போன மாசம் செத்துப்போயிட்டா. ஆதார் அட்டையை விட்டா அவளுக்கு வேற படமே இல்லீங்க."