நுனிக்குக் கூலி இல்லை

“நுனி உடைஞ்ச கத்திக்கு மட்டும் கூலி கிடையாதுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கீங்களே, கட்டுப்படியாகுதா?” என்று சிரித்தபடி வந்தவர், பழைய மடக்குக் கத்தி ஒன்றை மேசையில் வைத்தார். மான்கொம்புப் பிடி. நுனியில் ஓர் அரிசியளவு காணோம்.

பழுதுபார்ப்பவர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். “எப்படி உடைஞ்சது சார்?”

“கீழ விழுந்துடுச்சு.”

“இது எதிலயோ குத்தித் திருகினதுல உடைஞ்ச மாதிரி இருக்கே. கைமாறி வந்த கத்தியா?”

வந்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ன பேசறீங்க? முப்பது வருஷமா என்கிட்டதான் இருக்கு. வேற ஒருத்தர் கை பட்டதில்லை. நான் சேர்த்து வச்சிருக்கிற எல்லாமே அப்படித்தான்.”

“சந்தோஷம்.” பழுதுபார்ப்பவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். “தூசி வருது.”

“நுனியைத் தேய்ச்சுக் கூராக்கிடுவீங்களா?”

“தேய்ச்சா நீளம் குறையும், மதிப்பு போயிடும். உடைஞ்ச துண்டு இருந்தா அதையே ஒட்ட வச்சிடலாம்.”

“அது எப்பவோ தொலைஞ்சு போச்சு.”

பழுதுபார்ப்பவர் இழுப்பறையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். அதிலிருந்த இரும்புத் துணுக்கை இடுக்கியால் பிடித்து, உடைந்த இடத்தில் வைத்தார். மயிரிழை இடைவெளிகூட இல்லை.

“அட! கச்சிதமாப் பொருந்துதே! எங்க கிடைச்சது?”

“என் அண்ணன் விலா எலும்புல. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. துண்டு கிடைச்சது, ஆள் பிழைக்கல.”

வந்தவர் கதவைப் பார்த்தார்.

“கூலி வேண்டாம் சார். இருபது வருஷமா இந்த ஒரு கத்திக்காகத்தான் அந்த போர்டு.”