நாலாவது ஆள்

"அக்கா, கால் வேகமா ஓடினா மூளை பின்னாடியே நின்னுடுமா?"

தங்கை எப்போதோ கேட்டது. புள்ளியியல் பேராசிரியையின் மூடிய கதவுக்கு முன்னால் நின்றபோது அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே அவளுடைய மறுதேர்வு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். தேறாவிட்டால், மாலையில் நடக்கும் தொடர் ஓட்ட இறுதிப் போட்டியில் அவள் ஓட முடியாது. கல்லூரி விதி அப்படி.

"முதல் ஆளா பேப்பரைக் கொடுத்துட்டு வந்து நிக்கிறியே, அது என்ன ரேஸாடி?" பல்லைக் கடித்தாள் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். அதே ஓட்ட அணிதான்; இறுதியாண்டு. இரண்டாமாண்டுக்காரியான இவளைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"பெல் அடிச்சா கால் தானா கிளம்பிடுது கண்ணாடிக்கா."

"கடைசிக் கணக்கு?"

"போட்டேன். வேரியன்ஸ் மைனஸ்ல வந்துச்சு."

"அது எப்படிடி மைனஸ்ல வரும்? எருமை! எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தினேன்!"

தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்த கோச், கடிகாரத்தைப் பார்த்தார். "நாலாவது ஆள் யாருன்னு நான் இப்பவே பேர் கொடுத்தாகணும்மா!"

அவள் கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

கதவு திறந்தது.

"கடைசிக் கணக்கு சுத்தமா தப்பு" என்றார் பேராசிரியை. "மத்ததுல எப்படியோ ஒப்பேத்திட்டே. பாஸ். போ, போய் ஓடு."

கண்ணாடிதான் முதலில் குதித்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினாள்.

கோச் பெருமூச்சு விட்டார். பிறகு கண்ணாடியின் பக்கம் திரும்பி, "மனசை விட்டுடாதேம்மா" என்றார். "இவ ஃபெயிலானா நாலாவது ஆள் நீதான்னு போன வாரம் உன்கிட்ட மட்டும் சொல்லி வெச்சிருந்தேன். கடைசி வருஷமும் உனக்கு பெஞ்சுதான்னு ஆயிடுச்சே."

அவள் திகைத்துப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"வாயைப் பார்த்துட்டு நிக்காதேடி. போய் ஷூவை மாட்டு."

ஷூவை எடுத்துக்கொண்டு அவள் ஆளில்லாத உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். 'சாமி, இந்த ஒரு பொய்யை மட்டும் மன்னிச்சுடு' என்று முணுமுணுத்தபடி, துளி வலியும் இல்லாத தன் கணுக்காலில் இறுக்கமாகக் கட்டுப்போடத் தொடங்கினாள்.