காதோரத்து உண்ணி

அந்த எருமையின் உடம்பில் கழுத்து முதல் வால் வரை உண்ணி பொறுக்குவது காகத்தின் வேலை. காது மட்டும் மைனாவுக்கு. முறையாகப் படித்துத் தேறாத பறவை எருமைமேல் உட்காரவே கூடாது என்று இருவரின் சங்கங்களும் விதி செய்திருந்தன.

ஒருநாள் காதும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு உண்ணி கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எருமையால் மேய முடியவில்லை, படுக்க முடியவில்லை.

"காக்கா தம்பி, ஒரே ஒரு கொத்து கொத்தேன்" என்றது.

காகம் குனிந்து பார்த்தது. "இது காதாச்சே. நான் தொட்டா சங்கத்துல என்னைத் தள்ளி வச்சிருவாங்க."

மைனா வந்து தலையைச் சாய்த்தது. "யாரு சொன்னா? காது இதோ, இங்கேயே முடிஞ்சுபோச்சு. இது சுத்தமான கழுத்து."

"காதுக்குப் படிச்சவருக்குக் காது தெரியலையே!"

"வாலைப் பாக்கிறவர் வாலைப் பாருங்க சார்."

ஆளுக்கொரு கொம்பில் உட்கார்ந்து வாதாடினார்கள். எருமை கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு இருவரையும் சுமந்துகொண்டே பனைமரத்தடிக்குப் போய், சொரசொரப்பான அடிமரத்தில் அந்த இடத்தை நாலு தேய்ப்பு தேய்த்தது. உண்ணி நசுங்கி விழுந்தது.

காகமும் மைனாவும் அன்று முதன்முறையாக ஒரே குரலில் கேட்டார்கள்: "இந்தப் பனைமரம் எங்க படிச்சது?"

"தெரியாது தம்பி. ஆனா அரிப்பு போயிருச்சு."

"அரிப்பு போறது வேற, வைத்தியம் வேற" என்றது காகம். மைனா பலமாகத் தலையாட்டியது.

"நீங்க சொன்னா சரிதான்" என்ற எருமை, கண்ணை மூடிக்கொண்டு, அரிக்காத பக்கத்தையும் ஒருமுறை மரத்தில் தேய்த்துக்கொண்டது.