எங்கேயும் இல்லாத மைதானம்

ஏரிக்கரையில் நின்ற அறுபது மரங்களையும் சாப்பாட்டு நேரத்துக்குள் வெட்டித் தள்ளிவிட்டாள் அவள். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஏரியையும் கையோடு நூறடி தெற்கே நகர்த்தி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

மவுஸைப் பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கம்ப்யூட்டரில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்காக, பதினெட்டுக் குழிகளோடு ஒரு புது மைதானத்தை ஆறு மாதமாக வரைந்துகொண்டிருக்கிறாள். மரங்கள் வேண்டாம் என்றது சாம்பியனின் உத்தரவு.

சாம்பியன் என்றால் எந்தக் கோப்பையை வென்றவர் என்று கேட்கக் கூடாது. முதலாளியின் மனைவிக்கு அண்ணன்; அந்த ஆபீஸில் அதைவிடப் பெரிய கோப்பை கிடையாது. கோல்ஃப் ஆலோசகர் என்று ஒரு நாற்காலி, ஏசி அறையிலும் கழற்றாத ஒரு வெள்ளைத் தொப்பி, அவ்வளவுதான் அவர்.

"மூணு மணிக்கு மச்சான் பார்ப்பார். அவர் சரின்னுட்டா இன்னிக்கே உங்களை பெர்மனென்ட் ஆக்கிடறேன்" என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். "ஆனா ஒண்ணும்மா. இந்த மாதிரி இடம் உலகத்துல எங்கேயும் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அந்த மைதானத்துக்காரன் கேஸ் போட்டு நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்."

"எங்கேயும் இல்ல சார். சத்தியமா."

மாதாமாதம் கடைசித் தேதியில், நாளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சத்தியம் செய்யவும் பயமில்லை. கோல்ஃப் மைதானம் ஒன்றை அவள் நேரில் பார்த்ததே கிடையாது.

மேடு பள்ளத்தை எப்படி வரைவது என்று முதல் வாரம் விழி பிதுங்கியபோது, கைகொடுத்தது வீட்டுக்காரரின் பச்சைப் போர்வைதான். மனிதர் எழுந்து போனதும் அது கட்டிலில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே செல்போனில் ஒரு படம் எடுப்பாள். ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குன்று. பதினெட்டுக் காலை, பதினெட்டுக் குழி.

"இன்னிக்குக் கொஞ்சம் காலை மடக்கிப் படுங்களேன். பதினோராவது குழி ரொம்பத் தட்டையா இருக்கு" என்பாள்.

"போர்வையை மடிக்கிற பொண்டாட்டிங்களைப் பார்த்திருக்கேன். போட்டோ புடிக்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஆபீஸ்ல போய்ச் சொல்லித் தொலைக்காதே. மானம் போயிடும்."

அவளும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தலையணையோ அவர் காலோ தெரியாதபடி படங்களின் ஓரங்களைக்கூட வெட்டி வைத்திருந்தாள்.

மணி மூன்று. முதலாளி பக்கத்தில் நிற்க, சாம்பியன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தார். ஆறு குழி வரைக்கும் 'ம்' தவிர ஒரு வார்த்தை இல்லை.

ஏழாவது குழி வந்ததும் மனிதர் பாதி எழுந்துவிட்டார். "அட! இங்கே நான் ஆடியிருக்கேனே!"

"அப்படியா சார்?"

"இதே பள்ளத்துலதான் என் பந்து விழுந்துச்சு. குனிஞ்சு ஒரே அடி. நேரா போய்க் குழிக்குள்ள! பார்த்துக்கிட்டிருந்த ஜனமெல்லாம் எழுந்து நின்னு கை தட்டுச்சு."

வீட்டுக்காரர் சளி பிடித்துச் சுருண்டு படுத்த அன்றைக்குக் கிடைத்த பள்ளம் அது. அதில் இத்தனை கூட்டம் கூடியது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியே இருக்கா சார்?" என்று ஒத்தும் ஊதி வைத்தாள். வேலை நிரந்தரமாவதற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"அச்சு அசல்! ஒரு புல்லு மாறல, மாப்பிள்ளை!"

முதலாளியின் முகம் மாறியது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மச்சான். நிஜமாவே இதே இடமா?"

"என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீங்க? நான் ஆடின இடம் எனக்குத் தெரியாதா?"

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "அவர் ஆடியிருக்கார்னா, நீங்க காப்பி அடிச்சிருக்கீங்க. காலையில சத்தியம் வேற பண்ணினீங்களே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் புளுகுகிறார் என்று முதலாளியிடமே சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் திருடி என்ற பட்டத்தோடு போகும். கெஞ்சலாகச் சாம்பியனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நான் எதைப் பார்த்து வரைஞ்சேன்னு என் போன்லயே இருக்கு, தேதியோட. நீங்களே பாருங்க."

வீட்டுக்காரர் போர்த்திப் படுத்த போர்வை என்று இரண்டு ஆம்பளைகளுக்கு முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்ன? கண் உள்ளவர்களுக்குப் போர்வையைப் பார்த்தால் போர்வை என்று தெரியாதா?

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். பதினெட்டுப் படங்களையும் ஒன்று விடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏழாவதை மட்டும் விரலால் பெரிதாக்கி, திரையில் இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, மேலேருந்து படம் புடிக்க ட்ரோன் வேற விட்டிருக்கீங்களா?"