தொடாத வரைக்கும்

இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் லியான் அன்று சோதிக்க வேண்டிய கடைசி நகராட்சி வீடு அது. கூடத்து மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. கூரைப் பலகையில் சின்னத் துண்டு வெட்டியெடுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.

"அஸ்பெஸ்டாஸ் மாதிரிதான் தெரியுது, பெரியவரே. உடையாத வரைக்கும் பயமில்ல. அந்தத் தூசிதான் நுரையீரலை அரிக்கும். ஆணி அடிக்காதீங்க, துளை போடாதீங்க," என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாடத்தை ஒப்பித்தாள்.

"எனக்கேவா, கண்ணு? இந்த மாதிரிப் பலகையை அறுத்தே என் ஆயுசு போச்சு," என்றார் அந்த வீட்டில் குடியிருந்த வில்ஃப்.

லியானின் பார்வை சிலிண்டருக்குப் போனது. பாவமாக இருந்தது. வாசலில் தன் காகித அங்கியைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

"அதை யாரு துவைப்பா?"

"துவைக்கிறதா? தூசி பட்ட துணி வீட்டுக்கே போகக் கூடாது. அதுதான் ரூல்."

"நாங்க அப்படியேதான் வீட்டுக்கு வருவோம்."

"முகமூடியும் கிடையாதா? டாக்டர் என்ன சொல்றாரு?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

மாடியில் யாரோ விடாமல் இருமினார்கள். வில்ஃப் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"தினமும் என் சட்டையை உதறி உதறித் துவைச்சது என் பொண்டாட்டி."