கடைசிக் குண்டூசி

மகனுடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்கக் கூடாது என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த நேரத்துக்கு யார் கூப்பிடுவார் என்று தெரியாதா என்ன. இங்கிலாந்துக் கிழவர். வாராவாரம் கூப்பிடுகிற மனுஷன். லேசில் விடமாட்டார்.

நின்றது. மறுபடியும் அடித்தது.

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

திரையில் வெள்ளை மீசை. பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு உலகப் படம்.

"குட் மார்னிங், மிஸஸ் பெஸ்கார்த். அடடே, அங்கே மத்தியானம் இல்லையா."

பெஸ்கார்த். அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களை உலகம் பூராவும் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கிழவருக்கே அந்தப் பெயர் கிடையாது. அவருடைய அம்மா பிறந்த வீட்டுப் பெயர். ஆனாலும் ரிட்டயரான நாளிலிருந்து அவருக்கு அதே பைத்தியம். அந்தப் பெயரோடு பிறந்து இன்னும் உயிரோடு இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் படத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி. ஆள் போய்ச் சேர்ந்தால் ஊசியைப் பிடுங்கிவிடுவார்.

அந்தப் பைத்தியம் அவள் மகன் டெரிக்குக்கும் தொற்றிக்கொண்டது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை முடிந்து வந்தால் இந்தப் பேச்சுதான். கார்ன்வாலில் கடலோரமாக ஒரு சின்ன ஊராம். அங்கே முளைத்த பெயராம். வெள்ளீயச் சுரங்கம் மூடியதும் பிழைக்க வழியில்லாமல் ஒருவன் ஆஸ்திரேலியா போனான். ஒருவன் தென்னாப்பிரிக்கா. இன்னொருவன் கப்பலேறிக் கோலார் தங்க வயலுக்கு வந்தான். அவனுடைய பேரன் ரயில் வேலை கிடைத்துப் பொன்மலைக்கு வந்தான்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள்.

ஒருநாள் கேட்டும் விட்டாள். "எனக்கு எங்கடா ஊசி?"

"நீ கட்டிக்கிட்டு வந்தவ மம்மி. இந்தப் பேர்ல பொறந்தவங்களுக்குத்தான் ஊசி."

சிரித்தான். அவளும் சிரித்தாள். லால்குடிப் பக்கத்து அடைக்கலமேரி அவள். நோயலைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமியார் கண்ணை மூடும்வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதையே தாங்கியவளுக்கு ஊசி எந்த மூலைக்கு. மகனுக்கு ஒன்று இருந்தது. அது போதும்.

போன புதன்கிழமை டெரிக் வேலையிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் கேட்டான்.

சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பனுடைய குழியையே திறந்து அவனையும் வைத்து மூடினார்கள். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொள்ளடா என்று எவ்வளவு தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

கிழவருக்கு யார் சொல்லியிருப்பார்கள். அவரைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். மெல்பர்னில் இருந்த அக்னஸ் பெஸ்கார்த் தவறிவிட்டாளாம். காலையில்தான் அவள் ஊசியை எடுத்தாராம்.

போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினார்.

கார்ன்வாலில் ஒன்றுமில்லை. வெறும் ஓட்டைகள். ஆப்பிரிக்காவில் ஓட்டை. ஆஸ்திரேலியாவில் புது ஓட்டை.

இந்தியாவின் அடியில் ஒரே ஒரு ஊசி.

"இனிமேல் உலகத்திலேயே உங்கள் பையன் ஒருவன்தான்." போனைத் தன் பக்கம் திருப்பினார். "எங்கே அவன்? இதை நானே அவனிடம் சொல்ல வேண்டும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

சொன்னால் அவர் கை எழுந்து அந்த ஊசிக்குப் போகும். நல்ல மனுஷன்தான். அழுவார். அழுதுகொண்டே பிடுங்கிவிடுவார். அவள் கண்ணெதிரே. ஒரே வாரத்தில் இரண்டு தடவை பிள்ளையைப் பறிகொடுக்க எந்தத் தாயால் முடியும்.

"குளிக்கிறான்," என்றாள்.

போனோடு எழுந்து போனாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். காலி வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. கேட்கட்டும். கேட்டுவிட்டுப் போனை வைக்கட்டும். அடுத்த வாரத்துக்கு வேறொரு பொய் கிடைக்காமலா போகும்.

அவர் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிதானமாகக் குளிக்கட்டும். நான் காத்திருக்கிறேன்."

அவள் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். கதவின்மேல் அவனுடைய துண்டு புதன்கிழமை போட்டபடியே கிடந்தது.

வாளி நிறைந்து வழிந்தது.

அவர் தோளுக்கு மேலே ஊசி தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வே காலனியில் மத்தியானம் குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே குழாய் ஒருமுறை இருமியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். சத்தம் மெலிந்தது. நூலானது. சொட்டானது.

நின்றது.

கிழவர் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். முகம் நிறையச் சிரிப்போடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.