உறக்கப்பையின் அகலம்

ஜனவரி ஒன்பது, காலை முதலே தூறல். பனிமலை வீரர்களுக்குப் புதிய உறக்கப்பைகளை வாங்கலாமா என்று ஆராய நாடாளுமன்றக் குழு கூடியிருந்தது. முன்னாள் சிப்பாயான உறுப்பினர் தணிகாசலம் காலணிகளைக் கழற்றிவிட்டு, மாதிரிப் பைக்குள் படுத்துக் கழுத்துவரை ஜிப்பை இழுத்தார்.

“அண்ணே, அப்படியே தூங்கிடாதீங்க!” என்று குழுத்தலைவி ஞானசௌந்தரி சிரித்தார். “கதகதப்பா இருக்கா?”

“அதுக்குக் குறையில்லம்மா. இடந்தான் பத்தல.”

“உங்க தொப்பைக்கே தாராளமா இருக்கே!”

“எனக்கில்ல. பனிமலையில காவலுக்கு நின்னப்ப, ஒரு ராத்திரி என்கூட இருந்த பரமன் பை கிழிஞ்சுபோச்சு. என் பைக்குள்ளதான் ரெண்டு பேரும் படுத்தோம். விடியறவரைக்கும் குறட்டை விட்டான், பாவி. அதைக் கேட்டுக்கிட்டேதான் தைரியமா இருந்தேன்.”

“இது ஆளுக்கு ஒண்ணு, சார். எடையும் பாதிதான்,” என்றார் கொள்முதல் அதிகாரி.

தணிகாசலம் ஒருக்களித்து, முதுகுப்புறம் சற்று இடம் விட முயன்றார். ஒப்புதல் தாளில் கையெழுத்திடத் திறந்த பேனாவைத் தலைவி கையெழுத்திடாமலேயே மூடினார். கூட்டம் கலைந்தபோது மணி நான்கு பத்து.